யானை ஏன் நம்மைத் தள்ளிவிடுவதில்லை?

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாநிலத்தில் ஒரு புலிக் கோயில் இருந்தது. 1994இல் தொடங்கப்பட்ட பௌத்த மடம் அது. 1999இல் அங்கே முதல் புலிக்குட்டி வந்து சேர்ந்தது. பிறகு புலிகள் பெருகின. காவி உடுத்திய பிக்குகள் புலியைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போகும் காட்சி உலகமெங்கும் பரவியது. பயணிகள் கட்டணம் செலுத்தி வரிசையில் நின்றார்கள். குட்டிக்குப் பால் புகட்டலாம். பெரிய புலியின் தலையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

2016 மே மாத இறுதியில் தாய்லாந்தின் வனவிலங்குத் துறையினர் உள்ளே நுழைந்தார்கள். ஒரு வாரத்துக்குள் 137 புலிகளை அங்கிருந்து கொண்டுபோனார்கள். முன்பே எடுத்துச் சென்ற பத்தையும் சேர்த்தால் 147. சமையற்கட்டில் இருந்த உறைபெட்டிக்குள் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. புலித்தோலில் செய்த தாயத்துகளும் அகப்பட்டன. மீட்கப்பட்ட புலிகளுக்கும் நல்ல காலம் பிறக்கவில்லை. 2019 செப்டம்பரில் அரசே சொன்ன கணக்குப்படி அந்த 147இல் 86 இறந்துவிட்டன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டதால் அவற்றுக்கு நோயைத் தாங்கும் வலு இல்லை என்றார்கள்.

147 என்ற எண்ணை ஒரு மலேசியனால் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. தீபகற்ப மலேசியக் காடுகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கெடுத்தபோது மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்றுதான் தெரியவந்தது. நம் அரசுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கும் விலங்கு. ஒரு நாட்டின் காடு முழுவதும் இருக்கும் அளவுக்குப் புலிகள் ஒரே ஒரு மடத்துச் சுவருக்குள் இருந்திருக்கின்றன.

அந்த மடத்தைக் கண்டிப்பது சுலபம். எனக்கு அதில் அக்கறை இல்லை. என்னைத் தொந்தரவு செய்வது அங்கே வரிசையில் நின்றவர்கள்தான். அவர்கள் கொடூரமானவர்கள் அல்ல. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு, ஆண்டு முழுக்கச் சேர்த்த பணத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள். புலியை வெறுக்கிறவன் காசு கொடுத்துப் புலிப்பக்கத்தில் உட்காரமாட்டான். அவர்களுக்குப் புலியைப் பிடிக்கும். பிரியத்தால் கொடுக்கப்பட்ட காசுதான் அந்த உறைபெட்டி வரைக்கும் போயிருக்கிறது. பிரியம் எந்த இடத்தில் கொடுமையாக மாறுகிறது? அப்படி மாறும்போது அதை வைத்திருப்பவனுக்கு ஏன் தெரிவதில்லை?

*

பள்ளி விடுமுறைக்குக் காஞ்சனபுரி போகலாம் என்று எங்கள் வீட்டில் முடிவானது அம்மாவால். பாகான் செராய் பக்கம் வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் வேனெடுத்து ஹட்யாய் போய், மொய் கூடக் குறையாமல் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். அம்மாவுக்கு அது வேண்டாம். அவருடைய தாத்தாவைத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனான். அவர் திரும்பி வரவில்லை. "கண்ண மூடறதுக்குள்ள அந்த எடத்த ஒரு தடவ பாக்கணும்பா" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரம் எட்டாது. அவர்களுக்கு யானை வேண்டும், கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடக்கும் ஸிப்லைன் வேண்டும், மூங்கில் தெப்பம் வேண்டும்.

பினாங்கிலிருந்து பேங்காக்குக்கு விமானம், அங்கிருந்து வேன். பயண ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் எல்லாமே ஒரே நாளுக்குள் இருந்தன. காலையில் போர்க் கல்லறை, அடுத்து க்வாய் ஆற்றுப் பாலம், மதியம் யானைச் சவாரி, யானையோடு ஆற்றில் குளியல், மாலையில் ஸிப்லைன். யானைக்கும் ஸிப்லைனுக்கும் ஒரே தலைப்பு: சாகசம்.

வேனில் போகும்போது அக்கா மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. "மாமா, யானை அவ்ளோ பெருசு. நம்ம ஏறுனா அது ஏன் நம்மள கீழ தள்ளிவிடல?"

"பழக்கிட்டாங்க" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"எப்பிடி பழக்குனாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு பசியாறுவதைப் பற்றித் திரும்பிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் கேட்கத்தக்க முதல் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

*

ஸிப்லைனை எடுத்துக்கொள்ளலாம். உயரம் அபாயமானது. அந்த அபாயத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது என்னைப் போன்ற ஆட்களின் வேலை. சுமக்க வேண்டிய எடையைப்போலப் பல மடங்கு தாங்கும்படி எஃகுக் கம்பி போடுவார்கள். பொறியியலில் அதற்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். இடுப்பில் வார்ப்பட்டை. ஒரு கொக்கி விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்படி இரண்டு கொக்கிகள். கடைசியில் வேகத்தைத் தணிக்க ஒரு தடுப்பு. இவ்வளவையும் செய்துவிட்டு என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். பயம் என்னுடையது. சம்மதமும் என்னுடையது. நான் பத்திரமாக அடுத்த கரைக்குப் போகிறேன் என்றால் அந்தப் பத்திரம் எஃகிலிருந்து வருகிறது. எஃகுக்கு வலிக்காது.

இனி யானை. மூன்று நான்கு டன் எடை. தும்பிக்கையால் மரத்தைச் சாய்க்கும். அதன் முதுகில் ஆறு வயதுப் பையனை ஏற்றி உட்கார வைக்கிறோம். வார்ப்பட்டை இல்லை, இரண்டாவது கொக்கி இல்லை. ஆனாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? கம்பியிலிருந்து வரவில்லை, வேலியிலிருந்தும் வரவில்லை. யானைக்குள்ளேயிருந்து வந்திருக்கிறது. அதாவது, நாங்கள் வந்து சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே யாரோ அதனுள் அதைப் பொருத்திவிட்டார்கள்.

எப்படிப் பொருத்துகிறார்கள் என்பது ரகசியமல்ல. யானைக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட முடியாத மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, கால்களைக் கட்டி, தூங்கவிடாமல், பசியோடும் வலியோடும் நாட்கணக்கில் வைத்திருந்து, அது எதிர்ப்பதை நிறுத்தும்வரை காத்திருக்கும் ஒரு முறை தாய்லாந்தில் உண்டு. பஜான் என்பார்கள். இன்று எல்லா முகாம்களும் இதைத்தான் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. வெகுமதி கொடுத்துப் பழக்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதுகில் முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்க ஏறி இறங்குவதை ஒரு யானை தானாக விரும்பி ஏற்காது. எந்த வழியில் போனாலும் அதன் மறுப்பை எங்கோ ஓரிடத்தில் முறித்துத்தான் ஆக வேண்டும்.

நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இவ்வளவுதான். ஒரு காட்டு விலங்கின் பக்கத்தில் நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்றால், அந்தப் பாதுகாப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. தூரத்திலா, வேலியிலா, என்னைச் சுற்றியா? அல்லது விலங்கின் உடம்பிலும் மனதிலுமா? புலிக் கோயிலின் புலி எவ்வளவு சாதுவாக இருந்ததோ அவ்வளவும் அதற்குச் செய்யப்பட்டது.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு மாறான உதாரணம் உண்டு. புக்கிட் மேரா ஏரியில் ஓராங் ஊத்தான் தீவு. பள்ளிச் சுற்றுலா என்றால் எங்களை அங்கேதான் கூட்டிப்போவார்கள். அங்கே கூண்டுக்குள் நடப்பது மனிதர்கள். கம்பி வலை போட்ட நடைபாதைக்குள் நாங்கள் வரிசையாகப் போவோம், வலைக்கு மேலே ஓராங் ஊத்தான்கள் நடமாடும். என் அளவுகோல்படி அது தேர்ச்சி பெற்றுவிடுகிறது. ஆனால் ஓராங் ஊத்தான் பேராக்கின் விலங்கு அல்ல. போர்னியோவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அதனால் இரண்டாவது கேள்வி ஒன்றும் தேவைப்படுகிறது: இது ஏன் இங்கே இருக்கிறது? இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் பாதி விளம்பரங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

*

'சாது' என்ற சொல்லில் எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எங்கள் கிரியான் மாவட்டம் கரும்புத் தோட்டங்களின் பூமி. குவாலா கூலா என்று ஒரு கரையோர ஊரே இருக்கிறது. மலாயில் கூலா என்றால் சர்க்கரை. அந்தத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் நீடித்தது. தோட்ட முதலாளிகள் தென்னிந்தியக் கூலிகளை ஏன் விரும்பினார்கள் என்பதற்கு அவர்களுடைய பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம் ஒன்று உண்டு. இவர்கள் சாதுவானவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள் என்பதுதான் அது.

அந்தச் சாதுத்தனம் எப்படி உண்டாக்கப்பட்டது என்று நமக்குத் தெரியும். கப்பல் கட்டணக் கடன், ஊருக்குத் திரும்ப முடியாத தூரம், காட்டுக்கு நடுவே லயம், லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை, கிராணியின் பேரேடு, துரையின் பிரம்பு. இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, இது இவர்களுடைய பிறவிக் குணம் என்று எழுதிவைத்தார்கள். சாது என்பது சான்றிதழாகிவிட்டது. செய்த கை மறைந்துபோனது.

இதை வேனில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. "நம்ம ஆளுங்கள மிருகத்தோட சேக்காத. அவன்தான் அப்பிடி நெனச்சான். நீயுமா?"

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வித்தியாசம் மிகப் பெரியது. மனிதன் பேசுவான், சேர்ந்து நிற்பான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. ராணுவத்தை இறக்கிச் சுட்டுத்தான் அதை அடக்கினார்கள். சாதுவானவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்காகச் சாகத் துணிந்தார்கள். அந்தச் சான்றிதழ் பொய் என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

யானையால் கோரிக்கை வைக்க முடியாது. அதனிடம் இருக்கும் ஒரே 'வேண்டாம்' அதன் உடம்புதான். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. எத்தனையோ ஆண்டுகள் பக்தர்களுக்கு ஆசி வழங்கிக்கொண்டிருந்த யானை. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் பாங்ஙா மாநிலத்தில், ஒரு முகாமில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இளம்பெண் அதன் தந்தம் குத்தி இறந்தார். இறந்தவர்கள் யாரும் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனால் இப்படி ஒன்று நடந்தவுடனே மதம் பிடித்துவிட்டது, மிரண்டுவிட்டது என்கிறோம். அதுவரை அமைதியாக இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான். கொன்றால்தான் மறுக்க முடியும் என்ற நிலையில் வைக்கப்பட்ட ஓர் உயிரின் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கெழுத முடியாது. வேனில் அந்தச் சின்னப்பெண் கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதில் இது. அது தள்ளிவிடாததற்குக் காரணம் நம்மைப் பிடித்திருப்பது அல்ல. தள்ளிவிட்டால் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியும்.

*

எங்கள் வீட்டில் எனக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்கள் லேசானவை அல்ல.

முதலாவது அக்கா வீட்டுக்காரருடையது. "கோழி சாப்புடுறவன்தான நீயி? யானைக்கு மட்டும் ஏன் இவ்ளோ நியாயம் பேசற?" எனக்கு இதற்கு முழுப் பதில் இல்லை. பண்ணைக் கோழிக்கு நடப்பது யானைக்கு நடப்பதைவிட மோசமாகவே இருக்கலாம். ஆனால் இந்த வாதம் எனக்குச் சொல்வது கோழி விஷயத்திலும் யோசி என்பதைத்தான். கோழியில் தவறுகிறாய், ஆகவே யானையிலும் தவறு என்று அது சொல்லவில்லை. எல்லாவற்றிலும் சரியாக இருப்பவனுக்குத்தான் ஒன்றைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்றால், யாரும் எதையும் பேச முடியாது.

இரண்டாவது அம்மாவுடையது. "நம்ம கோயில்ல யானை நிக்குதே. அது பாவமா? ஏறி உக்கார்றது வேற, கும்புடறது வேற." கும்பிடுகிற மனசு வேறு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் காலில் கிடக்கும் சங்கிலி அதே சங்கிலிதான். கூட்டமாக வாழும் விலங்கு கருங்கல் தரையில் தனியாக நிற்கிறது. தமிழ்நாட்டு அரசே 2003இல் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் என்று ஒன்றைத் தொடங்கியது. சில வாரங்களுக்கு மற்ற யானைகளோடு திறந்த வெளியில் இருக்க முடிந்தது. அப்படி ஒரு முகாம் தேவைப்பட்டது என்பதே மீதி மாதங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. பயிர்களுக்குள் வந்த சின்னத்தம்பி என்ற காட்டு யானையை 2019இல் பிடித்து வரகளியாறு முகாமில் மரக் கூண்டுக்குள் வைத்துக் கும்கியாக்கினார்கள். அதைக் காட்டிலேயே விடச் சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் குரல் கொடுத்தார்கள். ஆகவே இது தாய்லாந்துக்காரனின் கொடுமை என்று நாம் விலகி நிற்க முடியாது. நம்மிடமும் கரால் இருக்கிறது, அங்குசம் இருக்கிறது. அதற்காக வருந்திய மனசும் நம்மிடம் இருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது. அக்கா சொன்னாள்: "நாம போகலன்னா அந்த யானைக்கு யார் சாப்பாடு போடுவா?"

தாய்லாந்தில் யானைகள் எப்படிச் சுற்றுலாவுக்கு வந்தன என்பதைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 1988 இறுதியில் தென் தாய்லாந்தில் பெருவெள்ளம். வெட்டி வழித்த மலைகளிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் அடித்து வந்து கிராமங்களை மூடின. அடுத்த வருடம், 1989இல், அரசு காட்டு மரம் வெட்டும் தொழிலுக்குத் தடை போட்டது. நல்ல முடிவு. ஆனால் மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத கதையில்லை. நகர வீதிகளில் யானையோடு பிச்சை எடுத்தார்கள், பிறகு சுற்றுலா முகாம்களுக்குப் போனார்கள்.

யாரும் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான சோதனையும் நடந்துவிட்டது. 2020இல் கோவிட் வந்தபோது பயணிகள் அடியோடு நின்றார்கள். ஒரு வளர்ந்த யானை நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் தின்னும். முகாம்களால் தாங்க முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைப் பாகன்கள் வட தாய்லாந்தில் இருக்கும் தங்கள் கிராமங்களுக்கு மலைப்பாதை வழியே நடத்தியே கொண்டுபோனார்கள். இந்த யானைகளைக் காட்டில் விடவும் வழியில்லை. தாய்லாந்தில் மனிதர்களிடம் இருக்கும் யானைகள் மூவாயிரத்துக்கும் மேல். அவ்வளவுக்கும் காடு மிச்சமில்லை.

ஆகவே 'போகமாட்டேன்' என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வது என் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், யானையின் வயிற்றை நிரப்பாது. அதற்காக ஏறி உட்கார்வதும் பதிலாகாது. பசியைக் காட்டி வேலை வாங்குவதை நம் தாத்தாக்கள் வேறு பெயரில் அனுபவித்திருக்கிறார்கள். "இந்த வேலையும் இல்லன்னா இவங்க பட்டினிதான்" என்று துரைகளும் சொல்லியிருப்பார்கள். அது உண்மையாகவும் இருந்திருக்கும். உண்மையாக இருந்ததால் அது நியாயமாகிவிடவில்லை.

கடைசியில் நாங்கள் செய்தது சின்ன விஷயம். சவாரியையும் குளியலையும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னோம். தூரத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கும் ஓரிடத்தைக் கேட்டோம். கட்டணம் சவாரியைவிடக் குறையவில்லை. "பாக்கறதுக்கா இவ்ளோ காசு?" என்றார் அம்மா. யானைகள் மண்ணை வாரித் தங்கள் முதுகில் போட்டுக்கொண்டிருந்தன. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆறு வயதுப் பையன் அழுதான், அவனுக்கு ஏற வேண்டும். பையனுடைய அழுகையில் தப்பில்லை. தொட்டுப் பார்க்க நினைப்பது பிரியத்தின் முதல் வடிவம். பிரியம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டால்தான் அது வாங்கும் பொருளாகிவிடுகிறது. தனக்குக் கிடைக்காவிட்டாலும் அந்த உயிர் அங்கே இருப்பதே போதும் என்ற இடத்துக்கு அது வளர வேண்டும். பெரியவர்களிலேயே பலர் அங்கே போய்ச் சேரவில்லை, பையனை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதனால் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் பாகனுக்கும் காசு போகிறது. யானை வைத்திருப்பதற்கான காசு வேறு, யானையைப் பணிய வைத்திருப்பதற்கான காசு வேறு என்ற வித்தியாசம் சந்தையில் பதிவாகிறது. எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த யானைக்குட்டியை மரச்சட்டத்துக்குள் நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவாகும்.

*

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கிறது. வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். தாத்தாவின் பெயர் இருக்காது என்று அவருக்குத் தெரியும். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை அது. பாதை போட்டவர்களில் பெரும்பான்மையினர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மட்டும் பல்லாயிரக்கணக்கில். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களைக் குழி வெட்டிக் கூட்டமாகப் போட்டார்கள். 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. நம் பக்கத்தில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும்தான் அவர்களுக்குப் பெயர் கொடுத்தன. அந்தப் பாதையில் யானைகளும் மரம் இழுத்தன. காட்டுக்குள் ஒரே சேற்றில் யானையும் கூலியும் சேர்ந்து இழுத்த பாதையின்மேல் இன்று சுற்றுலா ரயில் ஓடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுக்கிறோம்.

எங்கள் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானில், ஒரு யானைக்கு நினைவுப் பலகை உண்டு. 1894 செப்டம்பர் 17 அன்று தன் கூட்டத்தைக் காக்க ஓடும் ரயிலை எதிர்த்து மோதி, அதைத் தடம் புரளச் செய்து, தானும் செத்த ஒரு காட்டு ஆண் யானை. அதைப் புதைத்த இடத்தில் அதன் வீரத்தைச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். 2025 மே மாதம் கெரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு குட்டி யானை செத்தபோது, அதன் தாய் லாரியின் மேல் தலையை முட்டுக்கொடுத்தபடி மணிக்கணக்கில் நின்றது. அந்தக் காணொளியைப் பார்க்காத மலேசியர் குறைவு. அந்தத் தாய்க்கும் அந்தக் காட்டுக்கும் நடுவே நாம்தான் சாலை போட்டிருக்கிறோம்.

பணியாத யானைக்கு வெள்ளைக்காரன் பலகை வைத்தான். அதன் எதிர்ப்பு அவன் ரயிலையே கவிழ்த்ததால் அது அவன் கண்ணில் பட்டது. அதே மாநிலத்தில் பாதை போட்டும் காடு வெட்டியும் செத்த எத்தனையோ கூலிகளுக்குப் பலகை இல்லை. அவர்களைச் சாதுக்கள் என்று எழுதியபோதே அவர்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். யானை முகாமில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். சாதுவாக இருக்கிறது என்று சொன்னவுடனே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், படம் எடுக்கத் தொடங்குகிறோம். அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தெலுக் இந்தானுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பலகைக்கும் போகலாம். அனுமதிக் கட்டணம் எதுவும் இல்லை.